வெங்காயம் வித்துக்குத் திரும்பிய வரலாறு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவில் நாற்றங்கால் என்றால் என்னவென்று அறியாத உழவர் வீட்டுப் பிள்ளை இல்லை. நெல்லை நேரே வயலில் இறைத்துவிடாமல், ஒரு மூலையில் நெருக்கமாக முளைக்க வைத்து, மூன்று நான்கு வாரம் சென்றபின் பறித்து, முடி கட்டி, சேறடித்த வயலில் வரிசையாக நடுவது இந்த ஆற்றங்கரைக் கழனிகளில் தொன்றுதொட்டு நடந்துவரும் தொழில். கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சென்றால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. துறையூர், செட்டிகுளம், பெரம்பலூர்ப் பக்கங்களில் ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. மழையும் கிணறும்தான் துணை. அந்த மேட்டு நிலங்களின் செல்வம் சின்ன வெங்காயம். அங்கே சின்ன வெங்காயத்துக்கு விதை தெளித்தவரும் இல்லை. நாற்று விட்டவரும் இல்லை. வெங்காயத்தையே மண்ணில் ஊன்றி வெங்காயம் எடுத்தார்கள். 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்நிலம் முழுவதும் ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டம். ஒரே மாவட்டத்தின் தென்பாதி நாற்றால் வாழ, வடபாதி கிழங்கால் வாழ்ந்தது.

இந்த ஏற்பாடு கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மெல்ல மாறி வருகிறது. நெல்லுக்கு நாம் செய்வது போலவே சின்ன வெங்காயத்துக்கும் விதை தூவி, நாற்று வளர்த்து, பறித்து நடுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அரசர்களின் படையெடுப்பைப் போல இது பாடப்புத்தகத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் ஓர் எளிய குடியானவன் அடுத்த பருவத்தில் பயிரிட முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் நிகழ்ச்சி ஆதலால், இதனையும் வரலாறு என்றே நான் கொள்கிறேன்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் நீங்கள் இரண்டு வகை வெங்காயத்தைக் காண்பீர்கள். ஒன்று சாம்பாருக்குப் போடுகிற சின்ன வெங்காயம். மற்றொன்று பெரிய வெங்காயம். கன்னட நாட்டுப் பெல்லாரியிலிருந்து வந்தது என்பதால் அதற்குப் பல்லாரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. உருவத்திலும் சுவையிலும் வேறுபட்டாலும் தாவர நூலார் இவ்விரண்டையும் ‘அல்லியம் சீப்பா’ என்னும் ஒரே இனத்தில் அடக்குகின்றனர். வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. பல்லாரி பெரும்பாலும் ஒற்றையாகப் பருத்து நிற்கும். ஆகவே அதனைப் பெருக்க விதைதான் வழி. சின்ன வெங்காயமோ மண்ணுக்குள் பிரிந்து கொத்தாக விளையும். ஒன்றை ஊன்றினால் நாலைந்து கிடைக்கும். அவற்றில் ஒன்றை மறுபடி ஊன்றலாம். இப்படிப் பிரியும் வகைக்கு விதை எதற்கு?

எதற்கு என்று கேட்டுவிட்டு நிற்காமல் கணக்கைப் பார்ப்போம். வேளாண் துறையார் பரிந்துரைக்கும் அளவு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ விதை வெங்காயம். நம் வழக்கில் சொன்னால் ஏக்கருக்கு 600 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக எண்ணினால் பன்னிரண்டு மூட்டை. இந்தப் பன்னிரண்டு மூட்டையும் விற்கத் தகுந்த, தின்னத் தகுந்த பண்டம். நெல் உழவனும் விதைக்கென்று நெல்லை எடுத்து வைக்கிறான். ஆனால் அவன் எடுத்து வைப்பது விளைச்சலில் மிகச் சிறு பங்கு. வெங்காய உழவனோ கைக்கு வந்த வருமானத்தில் ஒரு பெரிய துண்டை மறுபடியும் மண்ணுக்குள் புதைக்க வேண்டியிருக்கிறது.

புதைப்பதற்கு முன் காக்கவும் வேண்டும். பறித்த வெங்காயம் உடனே முளைக்காது. சில வாரங்கள் உறங்கி எழுந்த பிறகே துளிர்க்கும். அதுவரை அதனைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையின் ஈரம் படாதபடி உயர்த்தி, பக்கங்களில் காற்று ஊடாட இடம் விட்டு, மேலே ஓலையோ தட்டையோ வேய்ந்த நீண்ட குவியல் அது. நல்ல பட்டறை போடுவது ஒரு கலை; தெரியாதவர் போட்டால் உள்ளே ஒன்று அழுகி, அது பக்கத்திலிருப்பதை அழுகச் செய்து, நாற்றம் வெளியே வரும்போது பாதி போயிருக்கும். நன்றாகக் காத்தாலும் நீர் வற்றி எடை குறையும்.

இங்கேதான் துன்பம் தொடங்குகிறது. கடன்பட்டவன் பட்டறையில் வைத்துக் காத்திருக்க மாட்டான். அறுவடைக் காலத்து மலிந்த விலைக்கே முழுவதையும் விற்றுவிடுவான். அடுத்த பட்டம் வரும்போது விதை வெங்காயத்தை வெளியே வாங்க வேண்டும். வெங்காயம் விலை ஏறியிருக்கும் ஆண்டில் விதை வெங்காயமும் அதே விலைக்கு, அல்லது அதற்கும் மேலாக ஏறியிருக்கும். ஏனெனில் இரண்டும் ஒரே பண்டம். நாட்டில் வெங்காய விலை ஏறும்போதெல்லாம் பெரும் கூக்குரல் எழுவதை நீங்கள் அறிவீர்கள். 1998-ஆம் ஆண்டில் தில்லிச் சட்டமன்றத் தேர்தலின் போக்கையே வெங்காய விலை மாற்றியது என்று சொல்வார்கள். அக்கூக்குரல் வாங்குவோருடையது. அதே விலையேற்றத்தில் விதைக்கு வழியின்றி நிலத்தைத் தரிசாகப் போட்ட சிறு உழவனைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதியது குறைவு.

இனி, வித்திட்டு நடும் முறை புதியதா, பழையதா என்று பார்ப்போம். அரிசுடாட்டிலின் மாணவரான தியோபிராசுடசு என்னும் கிரேக்க அறிஞர், கி.மு. நான்காம் நூற்றாண்டு முடிந்து மூன்றாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் வாழ்ந்தவர். செடிகொடிகளைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். அவர் வெங்காயங்களை ஊர்ப்பெயரால் பல வகையாகப் பிரித்துக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று, மத்தியதரைக் கடற்கரையில் உள்ள அசுகலான் என்ற துறைமுகத்தின் பெயரால் வழங்கியது. அந்த அசுகலான் வெங்காயம் ஒன்றே பிரிந்து பெருகாதது. ஆகையால் மக்கள் அதனை ஊன்றுவதில்லை, இளவேனிலை ஒட்டி விதைத்து, முளைத்து வளர்ந்தபின் பெயர்த்து நடுகிறார்கள் என்கிறார் அவர். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வெங்காய நாற்று நடவு ஒரு நூலில் பதிவாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிற்காலத்து ஐரோப்பியர் அசுகலான் என்ற அதே பெயரைத் திரித்து, கொத்தாகப் பிரியும் சின்ன வெங்காயத்துக்கு வைத்துவிட்டனர். அவர்கள் அதற்கு வழங்கும் ‘சாலட்’ என்னும் பெயர் அங்கிருந்து பிறந்ததே. தாவர நூலில் நெடுங்காலம் அதற்கு ‘அசுகலோனிக்கம்’ என்று தனி இனப் பெயரும் இருந்தது. பிறகுதான் அது வேறு இனமன்று என்று கண்டு வெங்காயத்தோடு சேர்த்தார்கள். பிரியாததற்கு இருந்த பெயர் பிரிவதற்குப் போய்ச் சேர்ந்தது! பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுதக் கூடாது என்று வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டைக் காட்டுவதுண்டு.

நம் நாட்டில் வெங்காயத்தின் மதிப்பு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே வெங்காயமும் பூண்டும் உண்போர் சிலரே என்றும், உண்பவர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார். திருவரங்கத்தில் அரங்கநாதர் கோயில் மடைப்பள்ளிக்குள் இன்றும் வெங்காயம் நுழைவதில்லை. அக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும் பல வீட்டு அடுக்களைகளில் அதற்கு அனுமதி இல்லாத நாட்களும், அனுமதியே இல்லாத வீடுகளும் உண்டு. ஆற்றைத் தாண்டினால் அதுவே ஏழையின் கறி. பழைய சோற்றுக்கு அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. கோயில் வாசலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் உள்ள நகரத்து மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கும் இப்பண்டத்தைப் பற்றிப் பழைய ஏடுகள் அதிகம் பேசாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. எழுதத் தெரிந்தவர் உண்ணவில்லை, உண்டவர் எழுதவில்லை.

வெங்காய விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எள்ளைப் போலக் கறுத்து, மூலைகள் கொண்டு, சுருங்கிய தோலுடன் இருக்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ முந்நூறு விதை நிற்கும். ஒரு கிலோவில் மூன்று லட்சம். ஒரு ஏக்கருக்கு அந்த ஒன்றிரண்டு கிலோவே போதும். முன்னே நாம் கண்ட பன்னிரண்டு மூட்டையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டிய சுமை கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் கறுப்பு விதைக்கு ஆயுள் குறைவு. தவசங்களின் விதை போல அது நெடுநாள் காத்திராது. நம் ஊர் வெப்பத்தில், ஈரக்காற்றில், சாதாரணமாக வைத்தால் ஓராண்டுக்குள் அதன் முளைப்புத் திறன் பெரிதும் போய்விடும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தோட்ட வேலைக்கென்று மாணவர்கள் ஒரு கடையில் வெங்காய விதை வாங்கி வந்தார்கள். பாத்தியில் பதினைந்து நாள் தண்ணீர் தெளித்தும் பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் விதை எடுத்த நாள் இரண்டு ஆண்டுக்கு முந்தியது. வேறிடத்தில் புது விதை வாங்கிப் போட்டோம். ஒரு வாரம் பத்து நாளில் பாத்தி முழுவதும் பச்சை வளையங்கள் எழுந்தன. வெங்காய முளை நேராக நிமிர்ந்து வருவதில்லை. முழங்காலை மடித்ததுபோல நடுவில் வளைந்து, வளைவே முதலில் மண்ணைத் துளைத்து வெளியே வரும். நுனி இன்னும் விதைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பிறகுதான் அது நிமிர்ந்து, நுனியில் கறுத்த விதைத்தோலை ஏந்திக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் நாள்தோறும் மணி அடிக்குமுன் வந்து அதனைப் பார்த்தார்கள்.

நாற்று விடும் முறை கடினமன்று. ஒரு மீட்டர் அகலத்தில், தரையைவிட ஒரு சாண் அளவுக்கு உயர்ந்த மேட்டுப் பாத்தி அமைத்து, மக்கிய எருவிட்டு, கீற்றிய கோடுகளில் விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் தெளிக்க வேண்டும். நெல் நாற்றங்காலில் நீர் நிற்கும். வெங்காய நாற்றங்காலில் நீர் நின்றால் நாற்றின் கழுத்து அழுகிச் சாய்ந்துவிடும். நெல் உழவன் வெங்காயத்துக்கு வரும்போது மறக்க வேண்டிய முதல் பழக்கம் அதுவே. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் நாற்று எழுதுகோல் கனத்தை எட்டும் முன்பே பறித்து, ஒன்றரை அடி இடைவெளி விட்டுப் பிடித்த பார்களின் இருபுறமும், நான்கு விரற்கடை தள்ளித் தள்ளி நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் கிழங்கு பருக்காது.

பல்லாரிக்கு இவையெல்லாம் பழைய செய்தி. சின்ன வெங்காயத்துக்கு இதனைச் செய்வதற்குப் பெரிய தடை ஒன்று இருந்தது: விதையே இல்லை. வெங்காயம் இயல்பில் ஈராண்டுப் பயிர். முதற்பருவத்தில் கிழங்கு கட்டும். குளிர்காலத்தைக் கண்டபின் அடுத்த பருவத்தில் உள்ளீடற்ற உயரமான தண்டு விட்டு, உருண்டைக் கொத்தாகப் பூத்து, விதை தரும். நம் சமவெளியில் அந்தக் குளிர் குறைவு. அதற்கும் மேலாக, உழவனின் கையே பூவுக்குப் பகையாக இருந்தது. பூத்தண்டு விட்ட வெங்காயத்தின் நடுவில் தண்டு கட்டையாக நின்றுவிடும். பட்டறையில் அது தாங்காது. ஆகையால் பூத்ததை ஒதுக்கி, பூக்காததையே விதை வெங்காயமாக எடுத்து வைத்தான். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவாக, பூப்பதையே ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு பயிர் நம் கையில் எஞ்சியது. அது குற்றமன்று, அவன் தேவைக்கு அது சரியான தேர்வு.

ஆனால் அதற்கு விலை உண்டு. கிழங்கால் பெருகும் பயிரில் தாய்க்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆண்டுதோறும் நாம் ஊன்றுவது புதுப் பயிரன்று. ஒரே செடியின் துண்டுகள். தாயிடம் இருந்த நோய் மகளிடமும் இருக்கும். மண்ணிலும் கிழங்கிலும் தங்கும் பூஞ்சணத்தால் வரும் அடியழுகல், இலைகள் முறுக்கிச் சுருளும் திருகல் நோய் ஆகியவை இந்நிலத்து வெங்காய உழவர்களை வாட்டுவதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். விதை வழியாக வரும் நாற்று, பழைய கிழங்கின் அழுகலைத் தன் தோலுக்குள் சுமந்துகொண்டு வருவதில்லை. நோயே வராது என்று இதற்குப் பொருளில்லை. மண்ணில் உள்ளது நாற்றையும் பிடிக்கும்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முன்வரலாறு நீண்டது. 1868-ஆம் ஆண்டில் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி பிறகு கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, கல்லூரியாகி, 1971-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாயிற்று. அங்கிருந்து சின்ன வெங்காயத்தில் கோ 1 முதலாக ஒன்றன்பின் ஒன்றாக இரகங்கள் வந்தன. நான்காவது வரை எல்லாம் கிழங்கை ஊன்றிப் பயிரிடுபவையே. ஐந்தாவதில் திருப்பம் நேர்ந்தது. எளிதில் பூத்து நன்றாக விதை பிடிக்கும் தன்மையைக் குறியாக வைத்து, செடிகளைத் தொகுதியாகத் தெரிந்தெடுத்து, அவற்றின் வழிவந்தவற்றில் மறுபடியும் தெரிந்தெடுத்து உருவாக்கிய கோ 5 வெங்காயம் 2001-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தொண்ணூறு நாளில் ஹெக்டேருக்குப் பதினெட்டு டன்னுக்கு மேல் விளையும் என்பது பல்கலைக்கழகம் தரும் கணக்கு. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒதுக்கித் தள்ளப்பட்டதையே தேடி எடுத்திருக்கிறார்கள். உழவன் எந்தப் பூத்தண்டைக் குறை என்று கிள்ளி எறிந்தானோ, அதுவே ஆராய்ச்சியாளருக்கு அடையாளமாயிற்று.

வெங்காய விதையின் வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 1925-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிசு நகரில், ஹென்றி ஜோன்சு என்னும் ஆராய்ச்சியாளர் இத்தாலியச் சிவப்பு என்ற வகை வெங்காயச் செடி ஒன்றைக் கண்டார். அதன் பூக்களில் மகரந்தம் பயனற்றிருந்தது. தன் மகரந்தத்தால் அது ஒரு விதையும் தரவில்லை. விதைக்கென்று வளர்த்த செடி விதை தராவிட்டால் பிடுங்கி எறிவதுதான் வழக்கம். அந்தச் செடி பூக்கொத்தின் இடையிடையே சிறு குமிழ்களைத் தோற்றுவித்திருந்தது. அவற்றை நட்டு அவர் அதனை உயிரோடு காத்தார். ஆண்தன்மை இல்லாத அச்செடியைத் தாயாக வைத்து, வேறொரு வகையின் மகரந்தத்தைச் சேர்த்தால், கலப்பு விதையை வேண்டிய அளவு பெறலாம் என்பதை அவரும் கிளார்க் என்பவரும் 1943-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். வெங்காயத்தில் ஒட்டுவிதை வணிகம் அதிலிருந்து எழுந்தது. பிற பயிர்களுக்கும் அந்த வழி பரவிற்று. விதை தராத ஒரு செடி கிழங்கால் பிழைத்து, உலகத்து விதை வணிகத்துக்கு மூலமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் நான் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒட்டுவிதையிலிருந்து வரும் பயிரின் விதையை உழவன் தானே எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். கோ 5 அவ்வகையன்று. அதன் விதையை உழவனே எடுக்கலாம். ஐப்பசி ஒட்டித் தாய் வெங்காயத்தை ஊன்றினால் கார்த்திகை, மார்கழிக் குளிரில் தண்டு விட்டுப் பூக்கும். பங்குனிக்குள் கறுப்பு விதை முற்றும். ஆனால் எடுக்கலாம் என்பது வேறு, எடுக்க முடிவது வேறு. ஒரு பூவில் மகரந்தம் உதிர்ந்த பிறகே சூல்முடி பக்குவப்படும். தேனீ வந்தால்தான் பூவுக்குப் பூ மகரந்தம் சேரும். மருந்தடித்துத் தேனீயை விரட்டிய தோட்டத்தில் பூ இருக்கும், விதை இராது. பக்கத்துத் தோட்டத்தில் வேறு வெங்காயம் பூத்திருந்தால் அதன் கலப்பும் வந்து சேரும். அதனால் தூய விதை வேண்டுவோர் அரைக் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை இடைவெளி விட வேண்டும் என்பர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அது நடவாத காரியம். ஆகவே விதை எடுப்பது ஒரு சிலர் தொழிலாகவும், விதை வாங்குவது பலர் பழக்கமாகவும் ஆகிவருகிறது. பட்டறையில் தன் விதையைத் தானே வைத்திருந்தவன், சுமையிலிருந்து விடுபட்டான்; கூடவே ஓர் உரிமையும் அவன் கையிலிருந்து சற்று நழுவுகிறது. பேரம் இலாபமே என்று பலர் கருதுகின்றனர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பேரம் ஒன்று நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. நாற்பது நாள் நாற்று புல்லைப் போல மெலிந்தது. விதை வெங்காயத்தை விரலால் அழுத்தி ஊன்றுவது விரைவான வேலை. நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேர் மடியாமல், ஆழம் தவறாமல் நடுவது பொறுமையான வேலை. ஹெக்டேருக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நாற்று. நெல் நடவைப் போலவே இதுவும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் நடக்கிறது. விதைச் செலவில் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி கூலிக்குப் போகிறது. அப்படிப் போவது எனக்கு வருத்தம் தரும் செய்தியன்று. நடவுக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் உழவர் மறுபடி கிழங்குக்கே திரும்புவதும் உண்டு.

ஒரு புதிய விதை எப்படி ஊர்தோறும் போய்ச் சேர்கிறது என்பதற்குத் திருச்சிராப்பள்ளியில் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1939-ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், 1960-களில் உழவர்களுக்கென்று நடத்திய நிகழ்ச்சிகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் தொடர்ந்து பேசிற்று. சப்பானிய நெல் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24 நெல்லையும் கலந்து பெற்று, 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த இரகம் அது. தஞ்சை மாவட்டத்து உழவர்கள் அதன் எண்ணை நினைவில் வைக்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்று கேட்டு வாங்கினார்கள். கோ 5 வெங்காயத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. அது ஒரே அலையாகப் பரவவும் இல்லை. ஒருவர் தோட்டத்தில் பார்த்து அடுத்தவர் கேட்டு, ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்து, அடுத்த ஆண்டு அரை ஏக்கரில் நட்டு, இப்படியே நடந்தது. நெல் உழவனுக்குப் புதிய நெல் என்பது பழைய நாற்றங்காலில் வேறு விதை, அவ்வளவே. மேட்டு நில வெங்காய உழவனுக்கோ நாற்றங்கால் என்பதே புதிது. விதையோடு ஒரு தொழிலையும் சேர்த்துக் கற்க வேண்டியிருந்தது. அதற்குக் காலம் பிடிக்கும்.

இன்றைக்கும் செட்டிகுளத்துப் பக்கம் சென்றால் பழைய முறையே மிகுதியாகக் கண்ணில் படும். பட்டறைகளும் நிற்கின்றன. ஊன்றிய வெங்காயம் எழுபது நாள் தாண்டியதும் பறிப்புக்கு வந்துவிடும்; நாற்றாகத் தொடங்கினால் நாற்றங்கால் நாட்களும் கூடும். அவசரத்தில் இருப்பவன் கிழங்கை விரும்புவது இயல்பே. சிலர் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். ஒரு பருவத்தில் விதை வாங்கி நாற்று விட்டு நடுகிறார்கள்; அதில் விளைந்த திரட்சியான வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அடுத்த இரண்டு மூன்று பருவங்களுக்கு ஊன்றுகிறார்கள்; விளைச்சல் தளர்ந்து அழுகல் தலைகாட்டியதும் மறுபடி விதைக்குப் போகிறார்கள். புரட்டாசியில் அவ்வூர்களின் வழியே பேருந்தில் செல்பவர்கள் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால், ஒரு கிணற்றைச் சுற்றிய நிலத்திலேயே ஒருபுறம் பெண்கள் கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து ஊன்றிக்கொண்டிருக்க, மறுபுறம் மேட்டுப் பாத்தியில் ஊசி ஊசியாகப் பச்சை நாற்று நிற்பதைக் காணலாம்.